கடலில் டவர் இல்லை… கணக்கில் நாள் ஓடுகிறது!

வடசென்னையின் வருமானத்தைக் கரைக்கும் 28 நாள் ரீசார்ஜ்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத காலம் அது. காசிமேட்டில் லாஞ்சுகள் வரிசைகட்டி நிற்கும். இன்ஜினைப் பிரிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், கிழிந்த வலையைப் பின்னுவார்கள். படகில் போகிறவருக்குப் பங்கு இல்லை. ஐஸ் உடைப்பவருக்கும் கூடை சுமப்பவருக்கும் கூலி இல்லை. ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்கு வியாபாரம் பாதிக்கும் கீழே போய்விடும். அந்த நாட்களிலும் தவறாமல் வந்து நிற்பது ஒன்று உண்டு. 'உங்கள் ரீசார்ஜ் நாளையுடன் முடிகிறது' என்கிற குறுஞ்செய்தி.

தடை தொடங்கும் நாளில் ஒருவர் 28 நாள் ரீசார்ஜ் போட்டார் என்று வையுங்கள். இரண்டாவது ரீசார்ஜ் 29ஆம் நாள். மூன்றாவது 57ஆம் நாள். ஆக, விசைப்படகு கடலுக்கே போகாத காலத்துக்குள் ஒரு போனுக்கு மூன்று முறை பணம் கட்டியாக வேண்டும். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லிலும் வோடஃபோன் ஐடியாவிலும் 28 நாளுக்கான அடிப்படைத் திட்டம் 199 ரூபாய். வீட்டில் மூன்று போன் இருந்தால் 1,791 ரூபாய். தடைக்கால நிவாரணமாகத் தமிழ்நாடு அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது 8,000 ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பேசினாலும் பேசாவிட்டாலும், செல்போன் நிறுவனங்களுக்குப் போய்விடுகிறது.

'உலகத்திலேயே மலிவான டேட்டா இந்தியாவில்தான்' என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரு ஜிபி என்ன விலை என்று மட்டும் பார்த்தால், உலகின் மிக மலிவான நாடுகளில் ஒன்று இந்தியா என்பது உண்மைதான். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் அங்கே மாதம் கட்டும் பில்லைச் சொன்னால் நமக்குத் தலைசுற்றும். ஆனால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கேட்கப்படும் கேள்வி ஜிபியைப் பற்றியது அல்ல. 'நான் போனை எடுக்கவே இல்லையே, எதுக்குக் காசு?' என்பதுதான் இங்கே கேட்கிற கேள்வி. விலைப்பட்டியல் அதற்குப் பதில் சொல்வதில்லை.

நாள் கணக்கு

காசிமேட்டின் பெரிய விசைப்படகுகள் தங்கு கடலுக்குப் போகிறவை. ஒருமுறை போனால் பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் கரை. கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டியதும் டவர் போய்விடும். அதற்குப் பிறகு படகுக்குப் படகு பேசிக்கொள்ள வயர்லெஸ் செட்தான். செல்போன் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் மட்டும். மாதத்தில் இரண்டு நடை போகிற தொழிலாளி, 28 நாளில் பாதிக்கு மேல் சிக்னலே இல்லாத இடத்தில் இருக்கிறார். தினசரி டேட்டா உள்ள விலை கூடிய திட்டத்தைப் போட்டிருந்தால், அவர் காசு கொடுத்து வாங்கிய 'தினம் ஒன்றரை ஜிபி' ஒவ்வொரு நள்ளிரவும் காலாவதியாகிறது. மறுநாள் புதிதாக ஒன்றரை ஜிபி வருகிறது, அதுவும் அப்படியே போகிறது. கரை திரும்பும்போது வேலிடிட்டி முடிந்திருந்தால், மீன் விலை என்ன என்று ஏலக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது.

கடலில் பேச வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். சாட்டிலைட் போனைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். துராயா, இரிடியம் போன்களுக்கு இந்தியாவில் தடை. அனுமதி பெற்ற சேவையை பிஎஸ்என்எல் தருகிறது. அதன் கருவி விலையும் நிமிடக் கட்டணமும் பங்குக்குத் தொழில் செய்கிறவருக்கு எட்டாதவை. 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர் பொருத்துவதாகச் சொல்கிறது. அதன் மதிப்பீடு 364 கோடி ரூபாய். இஸ்ரோ உருவாக்கிய இந்தக் கருவி இருந்தால், டவர் இல்லாத ஆழ்கடலிலும் செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கை பெறலாம். நல்ல திட்டம், 2017இல் ஒக்கிப் புயலுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் அது உயிர் காக்கும் கருவி. வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விசாரிக்க அதில் பேச முடியாது.

இதே கடலுக்கு அடியில்தான் 2002 முதல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கேபிள் ஓடுகிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடிக் கேபிள் போட்டு முடித்தார்கள். நாட்டின் இணையப் போக்குவரத்தில் பெரும்பங்கு இறங்கும் கரைகளில் ஒன்று இது. அந்தக் கரையில் பிறந்தவர் தன் போனை உயிரோடு வைத்திருக்க ஒரு நாளைக்கு ஏழு ரூபாய் பதினோரு காசு கொடுக்கிறார். 199ஐ 28ஆல் வகுத்தால் வருவது அதுதான்.

இன்கமிங் இலவசம் எப்படிப் போனது?

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவில் நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். சென்னையில் அந்தக் காலத்தில் ஸ்கைசெல், ஆர்பிஜி என்று இரண்டு நிறுவனங்கள். நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல். பேசுகிறவருக்கும் காசு, கேட்கிறவருக்கும் காசு. மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் எஸ்டிடி பூத்திலிருந்து திருப்பிக் கூப்பிட்டவர்கள் உண்டு.

2003 மே 1 அன்று இன்கமிங் இலவசமானது. என் பார்வையில், இந்த நாட்டில் செல்போனை ஏழையின் கைக்குக் கொண்டுவந்தது டேட்டா அல்ல, இந்த ஒரு மாற்றம்தான். மிஸ்டு கால் என்கிற ஒரு மொழியே அதிலிருந்து பிறந்தது. ஒரு மணி அடித்தால் 'வந்துட்டேன்', இரண்டு அடித்தால் 'கூப்பிடு'. 2005 கடைசியில் 'லைஃப்டைம்' திட்டங்கள் வந்தன. சுமார் ஆயிரம் ரூபாயை ஒரே முறை கட்டினால் வாழ்நாள் முழுக்க இன்கமிங் என்றார்கள். சீட்டுப் பணத்தை எடுத்து அதைக் கட்டிய குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். 2009இல் நொடிக் கணக்குக் கட்டணம் வந்து, பத்து நொடி பேசினால் பத்து நொடிக்குத்தான் காசு என்றானது. பத்து ரூபாய் டாப்-அப் கார்டைச் சுரண்டி ஒரு வாரம் ஓட்டிய காலம் அது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அழைப்பு இலவசம், டேட்டா அள்ளிக் கொடுத்தது. மற்ற நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. சிக்னல் செத்துப்போன போனோடு, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற போர்ட் குறியீடு கேட்டு மக்கள் கடை கடையாக அலைந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. முன்பு ஒரு வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டி போட்ட சந்தையில் இன்று மூன்று தனியார், ஒரு பிஎஸ்என்எல். ஜியோவும் ஏர்டெல்லும் மட்டும் சேர்ந்து வாடிக்கையாளர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் வைத்திருக்கின்றன.

திருப்பம் 2018 கடைசியில் வந்தது. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டே ஆக வேண்டும் என்றன. பேலன்ஸ் எவ்வளவு இருந்தாலும் சரி, அந்த 35 இல்லாவிட்டால் அவுட்கோயிங் நின்றது. சில நாள் கழித்து இன்கமிங்கும் நின்றது. லைஃப்டைம் கட்டியவர்களுக்கும் இதே கதைதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கேள்வி கேட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது, ஆனால் ஏற்பாடு மாறவில்லை. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று அடுத்தடுத்து விலை ஏறி, 35 ரூபாயாக இருந்த அந்த வாசற்படி இன்று 199. இப்போது அதில் வரம்பில்லாத அழைப்பும் 2 ஜிபி டேட்டாவும் சேர்த்துத் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் அதைக் கேட்காதவருக்கும் அதுதான் வாசற்படி. 2003இல் இலவசமான இன்கமிங்கை யாரும் சட்டம் போட்டு எடுத்துவிடவில்லை. வேலிடிட்டி என்கிற பெயரில் வாடகையாக அது திரும்பி வந்துவிட்டது.

பெரியகுப்பத்தில் ஓர் இரவு

போன் ஆடம்பரம்தானே, முடியாதவர்கள் வைத்துக்கொள்ளாமல் இருக்கலாமே என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் கசிந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. ஆலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் நடுவே குடியிருக்கும் மக்களுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் ஒரு அழைப்பு உயிர்ப் பிரச்சினை. வேலிடிட்டி முடிந்த போனிலிருந்து 112ஐ அழைக்கலாம். ஆனால் 'வெளிய வாங்க, கேஸ் லீக்கு' என்று அடுத்த தெருக்காரர் கூப்பிட்டால் அது அந்தப் போனுக்கு வராது.

அன்றாடத்துக்கும் போன்தான். மகளிர் உரிமைத்தொகை வந்ததா என்று தெரிவதும் குறுஞ்செய்தியில். ஒப்பந்தத் தொழிலாளி தன் பிஎஃப் பணத்தைப் பார்க்க ஓடிபி வேண்டும். கேஸ் சிலிண்டர் பதிவும் அப்படித்தான். மணலி விரைவுச் சாலையில் வரிசையில் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு 'கேட்டுக்கு வா' என்ற தகவல் வருவது போனில். மீன் விற்கும் பெண்ணின் கூடையில் கியூஆர் அட்டை செருகியிருக்கிறது. அரசும் வங்கியும் முதலாளியும் சேர்ந்து போனைக் கட்டாயமாக்கிவிட்டு, அதன் விலையை மட்டும் சந்தையின் கையில் விட்டுவிட்டார்கள். உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். வீட்டின் மூன்று போன்களுக்கு 597.

புயல் நாட்களில் இன்னொன்றும் நடக்கிறது. மின்சாரம் போய், டவர் செயலிழந்து, இரண்டு மூன்று நாள் சிக்னலே இல்லாமல் போகும். அந்த நாட்களும் 28இல் கழிகின்றன. நிறுத்திவைக்க முடியாதா? முடியும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது நிறுவனங்கள் ஏழை வாடிக்கையாளர்களுக்கு வேலிடிட்டியை ஏப்ரல் 17 வரை நீட்டித்தன, பத்து ரூபாய் டாக்டைமும் கொடுத்தன. கணினியில் ஒரு கட்டளைதான் அது. தடைக்காலத்துக்கும் புயலுக்கும் அதே கட்டளையைப் போடத் தொழில்நுட்பம் தடையில்லை.

கப்பலுக்குப் போனவரின் சிம்

வடசென்னையில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சைன்-ஆன் செய்து ஏறினால் ஆறு மாதம், ஒன்பது மாதம் கழித்துத்தான் சைன்-ஆஃப். அவர்களுக்கு வீடு, வெளிநாடு இரண்டு பக்கமும் அடி.

நடுக்கடலில் பேச, கப்பலின் சாட்டிலைட் இணையம் ஒன்றுதான் வழி. நீண்ட காலம் அதற்கு அட்டை வாங்கி, எம்பி எம்பியாக எண்ணிச் செலவழித்தார்கள். பல கப்பல்களில் இன்னும் அப்படித்தான். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தது. இயன்றவரை மாலுமிகளுக்கு இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிறது அது. இந்த உடன்படிக்கையை 2015இல் இந்தியா ஏற்றது. குடும்பத்தோடு பேசுவது ஒரு தொழிலாளியின் உரிமை என்று உலகக் கடல் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. கப்பல் கம்பெனிகளுக்கு இதை எடுத்துக்காட்டிக் கேளுங்கள். தெரியாமல் கேட்காமல் விடுகிறவர்களே அதிகம்.

வீட்டுப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கல். வங்கிக் கணக்கு, ஆதார், வருமான வரி என்று எல்லாமே அவருடைய சென்னை எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணுக்கு ஓடிபி வர வேண்டுமென்றால் வேலிடிட்டி இருக்க வேண்டும், வெளிநாட்டு ரோமிங்கும் திறந்திருக்க வேண்டும். எனவே கப்பலின் கேபினில் பூட்டிவைத்திருக்கும் ஒரு சிம்முக்கு, திருவொற்றியூரில் மனைவி 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒருமுறை மறந்து, அப்படியே மாதங்கள் ஓடிவிட்டால் எண்ணே போய்விடும். முடக்கிய எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. 2023இல் உச்ச நீதிமன்றத்திலும் ட்ராய் இதையே சொன்னது. சைன்-ஆஃப் ஆகி இறங்குகிறவர், தன் வங்கி ஓடிபி யாரோ ஒருவரின் போனில் விழுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தப்பிக்க இரண்டு வழி உண்டு. கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் இருப்பு இருந்தால், பயன்படுத்தவில்லை என்பதற்காக மட்டும் எண்ணைப் பறிக்கக் கூடாது என்று 2013 முதல் ட்ராய் விதி இருக்கிறது. இது எண்ணைக் காப்பாற்றும், ஆனால் அழைப்போ ஓடிபியோ வர வைக்காது. வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு இரண்டாவது வழி. சிங்கப்பூர், அமீரகம், சவூதி, ஓமன், கத்தார், பிரிட்டன் உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்ணை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ எனும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குகளில் யுபிஐ பயன்படுத்தலாம் என்று, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023 ஜனவரியில் அனுமதித்தது. அதற்கு உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப் குறுஞ்செய்தி போகும், வாட்ஸ்அப் அழைப்பு போகாது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளுக்கு மாறினார்கள். அதனால்தான் வடசென்னையில் பாட்டிகளின் போனிலும் போட்டிம் இருக்கிறது. கேசட்டில் குரலைப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிய தலைமுறைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் வாட்ஸ்அப் அழைப்பின் கதவை அடைத்துவைத்து, வேறு கதவுக்குக் காசு வாங்குவது எந்த ஊரிலும் நியாயமாகாது.

சுற்றுலாப் பயணிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன, இலங்கைத் துறைமுகங்களுக்கும் போய்வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட பல கப்பல்களில் தனி மொபைல் நெட்வொர்க் இயங்கும். அதில் உங்கள் போன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் கட்டணம் சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு. ஏறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையை மட்டும் விலை கேட்டு வாங்குங்கள். தனுஷ்கோடி, கோடியக்கரைப் பக்கம் போகிறவர்களும் ரோமிங்கை அணைத்துவைப்பது நல்லது. அங்கே இலங்கை டவர் போனைப் பிடித்துக்கொள்வது புதிதல்ல.

வெளியே எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் ரோமிங் பில் ஒரு காலத்தில் பெரிய கொள்ளையாக இருந்தது. 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் எங்கே போனாலும் உள்ளூர்க் கட்டணம்தான் என்று சட்டமாக்கினார்கள். அதை 2032 வரை நீட்டித்தும் விட்டார்கள். நிறுவனங்கள் ஒன்றும் மூடிப்போகவில்லை. பிரிட்டனில் பல நிறுவனங்களின் சாதாரண ப்ரீபெய்டில், போட்ட காசு மாதக்கணக்கில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு அழைப்போ குறுஞ்செய்தியோ செய்தால் போதும், எண் உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் விலை அதிகம். ஆனால் 2024 ஏப்ரல் முதல், மொபைல் இணையம் உட்பட ஒவ்வொரு இணையத் திட்டத்துக்கும் உணவுப் பாக்கெட்டில் இருப்பதுபோல ஒரு விவரச் சீட்டைக் காட்டச் சொல்கிறது அந்த நாட்டு ஆணையம். மாதம் எவ்வளவு, கூடுதல் கட்டணம் என்ன, வேகம் எவ்வளவு, எத்தனை ஜிபிக்குப் பிறகு என்ன ஆகும், எல்லாம் ஒரே அமைப்பில். இலங்கையில் கட்டணம் உயர்த்த ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 2022 நெருக்கடியிலும் 20 விழுக்காடு உயர்வை அப்படித்தான் செய்தார்கள்.

இங்கே ட்ராயின் கொள்கை, விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளட்டும், எங்களுக்குத் தெரிவித்தால் போதும் என்பது. பன்னிரண்டு நிறுவனங்கள் அடித்துக்கொண்ட காலத்தில் அது சரியான கொள்கை. இரண்டு நிறுவனங்கள் ஒரே வாரத்தில் விலை ஏற்றும் காலத்தில் அது கைகழுவுதல்.

ஆணையம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 28 நாள் கணக்கால் ஆண்டுக்கு 12க்குப் பதில் 13 ரீசார்ஜ் போட வேண்டியிருக்கிறது என்ற புகாருக்குப் பிறகு, 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தது ஒரு 30 நாள் திட்டமும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் ஒரு திட்டமும் வைத்தாக வேண்டும். வைத்தார்கள், ஒன்றிரண்டு மட்டும். மற்றவை எல்லாம் இன்றும் 28, 56, 84. 2024 டிசம்பரில் இன்னொரு உத்தரவு வந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சு, எஸ்எம்எஸ் மட்டும் உள்ள தனித் திட்டம் வேண்டும், வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம் என்றது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. முதலில் வைத்த விலையை ட்ராய் ஆராயும் என்றதும் சில நாட்களில் குறைத்தார்கள். ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, ஓராண்டுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748.

இந்த எண்களை நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்கு நாளைக்கு ஐந்து ரூபாய் ஏழு காசு. 199ஐ மட்டுமே புரட்ட முடிந்தவருக்கு ஏழு ரூபாய் பதினோரு காசு. இரண்டாவதில் 2 ஜிபி டேட்டா இருக்கிறது, சரி. ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அந்த 2 ஜிபி எதற்கு? கையில் மொத்தமாகப் பணம் இல்லை என்பதற்காக அவர் 40 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறார். 28 நாளுக்கான, பேச்சு மட்டும் உள்ள மலிவான திட்டம் ஒன்றைக்கூட இந்த இரண்டு பெரிய நிறுவனங்களும் அப்போது அறிமுகப்படுத்தவில்லை. ஜியோ 123 ரூபாய்க்கு 28 நாள் தருகிறது, ஆனால் அந்த நிறுவனத்தின் ஜியோபாரத் போனை வாங்கியவருக்கு மட்டும்.

செயலியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 'பிரபலமானவை' என்ற தலைப்பும் விலை கூடிய திட்டங்களும்தான். பேச்சு மட்டும் உள்ள திட்டத்துக்குக் கீழே இறங்கி, வேறு தலைப்புக்குள் தேட வேண்டும். 'அன்லிமிடெட் 5ஜி' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள திட்டங்களுக்குத்தான் என்பது சிறிய எழுத்தில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மணலி, எண்ணூர் ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளிக்கு அது எந்த மொழியில் புரியும்? கடைக்காரர் விரல் வைத்ததைப் போட்டுக்கொண்டு போகிறார்.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. சிறிய தொகையில், நாள் கணக்கு இல்லாமல், பேசினால் மட்டும் கழியும் ஒரு திட்டம் ஒவ்வொரு நிறுவனத்திலும் கட்டாயம் வேண்டும். பணம் கட்டாவிட்டாலும் குறைந்தது ஆறு மாதத்துக்கு இன்கமிங்கும் ஓடிபியும் வர வேண்டும். பேரிடர் அறிவித்த நாட்களை வேலிடிட்டியில் கழிக்கக் கூடாது. பதிவுபெற்ற மீனவர்களுக்குத் தடைக்காலத்தில் எண்ணை நிறுத்திவைக்கும் வசதி வேண்டும். மீனவர் பட்டியல் மாநில மீன்வளத் துறையிடம் இருக்கிறது. நிவாரணம் கொடுக்கப் பயன்படும் அதே பட்டியலை வைத்து, மாநில அரசு ட்ராயிடமும் தொலைத்தொடர்புத் துறையிடமும் இதை எழுத்தில் கேட்க வேண்டும். வடசென்னையின் எம்பியும் எம்எல்ஏக்களும் இதைக் கையில் எடுப்பதற்கு ஒரு ரூபாய்கூட நிதி ஒதுக்கத் தேவையில்லை.

அதுவரை நம் கையில் இருப்பவை சில. ட்ராய் இணையதளத்தில் எல்லா நிறுவனங்களின் திட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. ரீசார்ஜ் கடையில் 'டேட்டா வேண்டாம், பேசுற பிளான் மட்டும்' என்று கேட்டு வாங்குங்கள். கேட்காமல் காசு பிடித்தாலோ, கேட்காத சேவை ஒட்டிக்கொண்டாலோ 198க்குப் புகார் செய்யுங்கள். தீர்வு பிடிக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். செல்போன் புகாரை அங்கே எடுக்க முடியாது என்று பல ஆண்டுகள் தட்டிக்கழித்தார்கள். எடுக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. இதில் எங்கே போனாலும் முதலில் கேட்பது 198இல் கொடுத்த புகார் எண்ணைத்தான். அந்த எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளாமல் போனை வைத்துவிடாதீர்கள்.